நட இடமில்லாத நாற்றுகள்

பாய்க்கு வணக்கம்.

ஒடுகத்தூரிலிருந்து நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட நூறு மிளகு நாற்றுகளும் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு நாளாக வாசலில்தான் இருக்கின்றன. நட்டாச்சா என்று போனில் கேட்டீர்கள், மழையில்லை என்றேன். இங்கே விடாமல் பெய்கிறது.

வேரழுகிக் கொடியெல்லாம் போயிற்று என்று போன வருடம் நான் வந்து நின்றபோது, "இன்னா பங்காளி, இதுக்குப் போய் அழுவுறே? லாபத்துல பாதின்னா நட்டத்துலயும் பாதிதான். வுடு, புதுசா நட்டுக்கலாம்" என்று தேற்றினீர்கள். நீங்கள் மலையேறி வந்து ஒரு கொடியைக்கூடப் பார்க்கவில்லை.

உங்களுக்கு முன் கடன் வாங்கிய வட்டிக்காரனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. கொடி காய்த்தாலும் காய்ந்தாலும் அவனுக்கு ஒரே வட்டி. பொய் சொல்லி என்ன பயன்? வட்டி ஹராம், தொடக்கூடாது என்று, முதல் போட்டுப் பங்குக்கு வந்தவர் நீங்கள்.

என் மனைவி தினமும் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். என்னோடுதான் பேசுவதில்லை.

நாற்றுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் பாய். என் நிலத்தில் அவற்றை நட இடமில்லை. மரத்துக்கு மரம், ஒன்றுகூட அழுகாத பழைய கொடியே தளிர்விட்டு நிற்கிறது.

இப்படிக்கு,
நீங்கள் பங்காளி என்று கூப்பிட்டவன்