அம்மன் சொரிந்த நீறு

ஆனி 3, வெள்ளி
தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. மேற்குக் கடலில் இரசாயனம் ஏற்றிய கப்பல் இன்னும் எரிகிறது. விடிய எங்கள் தீவு முழுக்க வெள்ளைத் தூள். முற்றம், கிணற்றுக்கட்டு, கோயில் வீதி. பூசைக்குப் போன இவர் ஓடி வந்தார். "அம்மன் திருநீறு சொரிஞ்சிருக்கிறா!" கூட்டிச் சலித்து அண்டா நிறைய. ஊரே வந்து பூசியது. பிள்ளைகளுக்கு நாக்கிலும் ஒரு கிள்ளு. எங்கள் மகள் மதிக்கும். "கைக்குதம்மா" என்று துப்பினாள். எனக்குப் பெருமை. பூசாரி பெண்சாதி அல்லவா.
விளக்கெண்ணெய் முடிந்தது. போட்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஆனி 4, சனி
எல்லார் நெற்றியிலும் மூன்று வரிக் கொப்புளம். மதிக்கு வாய் வெந்துவிட்டது, வாந்தியில் இரத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து முகமூடியோடு டொக்டர் வந்தார். "உது திருநீறில்லை, கப்பல் சாம்பல். நஞ்சு. அணுகுண்டுச் சாம்பல் விழுந்த தீவுகளிலையும் பிள்ளையள் உப்பிடித்தான் அளைஞ்சு விளையாடினதுகள்." மருந்து தந்தார். அண்டாவைப் புதைக்கச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

ஆனி 6, திங்கள்
பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணையின் மகன் செத்துப்போனான். போட்டில் ஏற்றும்போதே.
பின்னேரம் ஆட்கள். "பூசாரி, வெளியாலை வாடா!" கல். ஓடு நொறுங்கி மதியின் பாயில் விழுந்தது. இவர் சாமியறைக்குள். நான் குழி தோண்டும் இரும்பு அலவாங்கோடு வாசலில். "என்ரை பிள்ளையும்தான் திண்டது! தெரிஞ்சோ குடுத்தவர்?" முன்னுக்கு வந்த செல்வம் அண்ணையின் இடக்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம். அவர் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. "அடி தங்கச்சி. பெடியனைத் தூக்கின கைதான்."
போய்விட்டார்கள்.

ஆனி 7, செவ்வாய்
மதி கஞ்சி குடித்தாள். சிரித்தாள்!

ஆனி 8, புதன்
போட்டில் எழுதுகிறேன். மதி மடியில். மூச்சு இருக்கிறது.
காலை மறுபடி இரத்தம். மருந்து சரியாகத்தானே கொடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீர் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், இவர் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திறந்து வைத்திருக்கிறார். விரலில் வெள்ளை. கட்டிலுக்கடியில் அண்டா.
"அம்மன் தந்தது பிழையாப் போகாது. நம்பாதவைக்குத்தான் சாவு."
துப்பக்கூட அவளுக்குப் பலமில்லை. நான்தான் விரல் விட்டு வழித்தேன். பிறகு அண்டாவைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தேன். விழுந்தார். காலால் உதைத்தேன். எத்தனை தரமோ.
மதியைத் தோளில் போட்டுக்கொண்டு அலவாங்கோடு இறங்கினேன். வேலிப் படலையில் செல்வம் அண்ணை, கட்டுப்போட்ட கையோடு. பின்னால் மற்றவர்கள்.
"இண்டைக்கும் மறிப்பியோ?"
"போட் நிக்குதோ அண்ணை?"
"நிக்குது."
அலவாங்கை அவருடைய நல்ல கையில் கொடுத்தேன்.