சாவில்லாத வீட்டில் ஒரு ஒப்பாரி

இன்று காலை கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர், திரையைப் பார்த்தபடியே, "மேடம், உள்ள எடமே இல்லீங்க. இந்த கேம்தான் பாதிய அடைச்சிக்கிட்டு கெடக்கு. தூக்கிரட்டுங்களா?" என்றார். எந்த கேம் என்று நான் கேட்கவில்லை. நீ அனுப்பியதுதான். பறக்கும் பல்லியும், வாளேந்திய ராணியும், எரிகிற கோட்டையும் வருமே, அது. "இருங்க, தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்குச் சந்தேக புத்தி என்று திருச்சி ஹாஸ்டலிலேயே நீ பட்டம் கட்டிவிட்டாய். "சாம்பார்ல உப்பு கூடுனாக்கூட சதின்னு சொல்லுவடி நீ" என்பாய். சொல்லிக்கொள். உன் வீடு அரியலூர் டவுனில்தான் இருந்தது. ஆனால் அம்மா இல்லாத வீடு, அப்பாவுக்கு வேறு குடும்பம். அதனால் லீவு விட்டால் டவுனைத் தாண்டி எங்கள் ஊருக்குத்தான் பஸ் ஏறுவாய். என் அம்மாவை என்னைவிட உரக்க "அம்மா" என்று கூப்பிடுவாய். அப்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நான் கல்யாணமாகி பெரம்பலூர் வந்தேன். நீ சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இசை போடும் வேலைக்குப் போனாய். ஒருநாள் என் சமையலறை மேடையில் உட்கார்ந்துகொண்டு, கேரட்டைக் கடித்தபடி அந்த வேலையை எனக்கு விளக்கினாய்.

"சண்டைக்குத் தப்பு மேளம் அடிச்சிட்டோம். ராணி பட்டம் கட்டிக்கறப்ப குலவை போட்டாச்சு. கேம் பண்ற வெளிநாட்டுக்காரன் ஆடிப்போயிட்டான். ஆனா ராணி சாகற எடத்துக்குத்தான் ஒண்ணும் சிக்கல. சர்ச்ல மாதிரி கூட்டமாப் பாட வெச்சுப் பாத்தோம். அழகா இருக்கு, அழுகை வரல. நம்ம ஒப்பாரி வெச்சாத்தான் சரியா வரும்."

"தமிழ்ல பாடினா அவனுக்கு என்ன புரியும்?"

"புரியவே கூடாதுடி. எந்த ஊரு, எந்த பாஷைன்னு தெரியக் கூடாது. வார்த்தைய எல்லாம் வெட்டிட்டு கொரல மட்டும் வெச்சுக்குவோம். கேக்கறவனுக்கு வயித்தக் கலக்கணும், அவ்ளோதான்."

"அப்ப எங்க அழுகை ஒங்களுக்குத் தொட்டுக்க ஊறுகாயா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். இன்னொரு கேரட்டை எடுத்துக் கடித்தாய். அதை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்தபோது சேதி சொன்ன அன்றே வந்துவிட்டாய். அம்மா பாடிய ஒப்பாரி ஊருக்கே தெரியும். மூச்சு விடாமல் இழுத்து, கடைசியில் உடைவாளே, அந்த இடத்தில் ஆம்பிளைகளே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். அத்தனை பெண்களும் தோளோடு தோள் கட்டி அழ, நீ மட்டும் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தல் காலோரம் நின்றாய். பைக்குள்ளிருந்து கறுப்பு வயர் ஒன்று எட்டிப் பார்த்தது. பெற்ற அப்பனைப் பறிகொடுத்து அழுகிற நேரத்திலும், பதிவு பண்ணுகிறாயோ என்று என் கண் அந்த வயரின் மேல்தான் இருந்தது. என்ன ஜென்மமோ நான்!

சில மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போனேன். நீ அங்கே இருந்தாய். உச்சி வெயில், வெள்ளிக்கிழமைகூட இல்லை. நீயும் அம்மாவும் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு புளிச்சோறு தின்றுகொண்டிருந்தீர்கள்.

"என்னம்மா இந்த நேரத்துல குளியல்?"

"மோட்டார் போட்டாங்க, குளிச்சோம். ஒனக்கு என்ன இப்ப?" என்றாள் அம்மா. நீ சோற்றை விட்டுத் தலையையே நிமிர்த்தவில்லை. இரண்டு பேரும் என்னிடம் எதையோ மறைத்தீர்கள். என் அம்மாவும் நீயும் சேர்ந்து, என்னிடம்!

பிறகு ஒருநாள் கூரியரில் அந்த கேம் சி.டி. வந்தது. சாயங்காலம் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து ஓடவிட்டேன். கோட்டை எரிந்தது. ராணி விழுந்தாள். அம்மாவின் குரல் எழுந்தது. வார்த்தை ஒன்றுமில்லை, வெறும் இழுப்பு. நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதற்குள் எதிர்வீட்டு தனலட்சுமி அக்கா, "அய்யோ, எப்படி ஆச்சு தாயி!" என்று முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஒப்பாரி கேட்டால் ஓடிவந்து கட்டி அழுவதுதானே நம் ஊர் வழக்கம். பொம்மைப் படத்தைக் காட்டினேன். அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி வெக்கிறியே, ஒனக்குப் புத்தி இருக்கா? வெளங்குமா இந்த வூடு?"

உடனே உனக்குப் போன் போட்டேன். "எங்கப்பன் சாவ வித்துட்டியாடி?" என்றேன்.

"அம்மா கொரல்தான். ஆனா அன்னிக்கு எடுத்தது இல்ல. நம்பு."

"பின்ன எப்ப எடுத்த?"

"அம்மாவக் கேளு."

தாலியறுத்தவளிடம் போய் இதைக் கேட்பேனா? போனை வைத்தேன். அதோடு உன்னோடு பேச்சில்லை.

பிறகு உன் சாவுக்குத்தான் வந்தேன். சென்னையில் மின்சாரச் சுடுகாடு. உன் ஆபீஸ்காரர்கள் கை கட்டி வரிசையாக நின்றார்கள். ஒரு விசும்பல் இல்லை. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். எந்தச் சாவிலும் முதலில் குரல் எடுப்பவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி என்னிடம், "ரெண்டு வருஷமா ட்ரீட்மென்ட்ல இருந்தாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

திரும்புகையில், பஸ் தொழுதூர் தாண்டியதும் அம்மா தானாக வாயைத் திறந்தாள்.

"அவளுக்குத்தான் முன்னயே பாடிட்டேனேடி."

"என்னம்மா சொல்ற?"

"ஒப்பாரி பாடித் தாங்கன்னு வந்து நின்னா. வூட்ல வெச்சுப் பாட முடியுமா? பழைய சுண்ணாம்புக் கல்லு பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆளு இல்லாம எப்படிப் பாடறது, யாருக்குன்னு பாடறதுன்னேன். 'எனக்குப் பாடுங்கம்மா'ன்னு துண்ட விரிச்சுப் படுத்துக்கிட்டா. விளையாட்டுக்குத்தானேன்னு சிரிச்சா. அவ பேரச் சொல்லித்தான் பாடினேன். முடிச்சுட்டு, சாவு வூட்டுத் தீட்டு மாதிரி ரெண்டு பேரும் தல முழுகிட்டு வந்தோம். அன்னிக்கு நீ வந்து ஏன் குளிச்சன்னு கேட்ட." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாடினதாலதான் போயிட்டாளாடி?"

"போம்மா, பைத்தியம் மாதிரி பேசாத" என்றேன்.

அம்மாவின் சந்தேகம் அது. என்னுடையது வேறு. இன்னும் சொல்கிறேன், நான் உன்னைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. திருட்டு நடந்தது உண்மை. என் அப்பாவின் சாவைத் திருடினாய் என்று நினைத்தேன், அதுதான் பிசகு. கம்பெனிக்குக் குரல் வேண்டும் என்றால் சென்னையில் காசுக்குப் பாட ஆளா இல்லை? நீ அந்தக் கல்லுப் பள்ளத்தில் படுத்தபோது உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைசியில் உனக்காக வாய்விட்டு அழ ஒரு ஜீவன் இருக்காது என்று பயந்து, காது கேட்கிறபோதே என் அம்மாவை அழவைத்துக் கேட்டுக்கொண்டாய். உன் பெயரை நீயே வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பல்லிக் கதைக்குள் ஒளித்து வைத்தாய். சரிதானே? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்னடி குறைந்துபோயிருக்கும் உனக்கு?

இன்று அந்த மனிதர், "ஸ்பீக்கர் ஓடுதான்னு மட்டும் பாத்துக்கறேன்" என்று அந்த கேமிலேயே எதையோ அமுக்கினார். ராணி விழுந்தாள். அம்மா பாடினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உன் கதை முழுவதையும் தனலட்சுமி அக்காவிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். இன்றைக்கும் திட்டத்தான் வருகிறது என்று எழுந்தேன். அக்கா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து, என் கழுத்தைக் கட்டி இழுத்துத் தரையில் உட்காரவைத்தது.

"இந்தத் தடவ ஆளு இருக்குல்ல தாயி, அழு."

சென்னையில் வராதது, பஸ்ஸில் வராதது, அத்தனையும் வந்தது. பழுது பார்க்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

இதையும் கணக்குப் பண்ணித்தான் அந்த சி.டி.யை எனக்கு அனுப்பினாயோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேமை அழிக்கவில்லை. இடம் போதாதென்றால் வேறு எதையாவது தூக்கட்டும். அக்கா போனதும் தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடி இன்னும் காயவில்லை.