இடது பக்கத்து இரைச்சல்

அக்கா,

சோல்டரிங் அயர்ன் சூடேறியதும் எழும் பிசின் புகை இன்றும் கண்ணைக் கரித்தது. முன்பெல்லாம் அதை நீங்கள் உதடு குவித்து ஊதித் தள்ளுவீர்கள், வேண்டுமென்றே என் பக்கமாக. இன்று ஊத ஆளில்லை. புகை நேராக எழுந்து உங்கள் வீட்டு மின்விசிறியில் சிதறியது.

சில நாட்களாக உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே, நாம் கிட் வாங்கிச் செய்த பிரீ-ஆம்ப்ளிஃபையர். கணக்கு டீச்சர் நீங்களும் பிசிக்ஸ் டீச்சர் நானும் விடுமுறை முழுக்க இதோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து ஸ்ரீரங்கத்தில் சிரிக்காத வீடில்லை. இது எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் வகுப்பறை உதாரணம் சொல்வேன். கடைசி பெஞ்சுப் பெண் முணுமுணுக்கும் பதிலை முன் பெஞ்சுக்காரி உரக்கத் திருப்பிச் சொல்வாள் அல்லவா, ரெக்கார்டு ஊசிக்கு இந்தப் பெட்டி அப்படி. நடுவே ஒரு ஈ ரீங்கரித்தாலும் அதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

இப்போது ஈதான் பேசிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் முழுக்கக் கொரகொரப்பு. உங்கள் வீட்டுக்காரர் மாலையில் நாகஸ்வர ரெக்கார்டு போடுவதையே விட்டுவிட்டார். மாதக் கடைசியில் மகள் அவரைக் காட்டூரிலுள்ள தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறாள்.

"பாடாத பொட்டிக்கு அங்க எடமில்லையாம் டீச்சர். ஓடுமா, கண்டம் பண்ணிடலாமா?" என்றார். அவர் வேலை பார்த்த பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பழுதான எஞ்சினைக் கழிக்கும்போது சொல்கிற சொல். சிரித்தபடிதான் சொன்னார். பிறகு, "அவ போனா, பின்னாடியே இதுவும் போயிடுச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாத்திப் போட்டுப் பாரு" என்பீர்கள். பிளேயரிலிருந்து வரும் ஒயர்களை இடம் வலம் மாற்றினேன். இரைச்சல் இடம் மாறவில்லை. பிளேயரில் குற்றமில்லை, பெட்டிக்குள்தான். "சந்தேகத்தப் பாதியா வெட்டிக்கிட்டே போ." வெட்டினேன். கெபாசிட்டர் மாற்றினேன், ஈயப் பற்றுகளைத் திரும்ப உருக்கி வைத்தேன். அசையவில்லை. காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. இன்று மத்தியானம், முடியாது என்று சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன்.

அப்போது மழை பிடித்தது. இரைச்சல் கூடியது. ஈரம் படும் இடத்தில் ஏதோ இருக்கிறது! பூதக்கண்ணாடியை எடுத்தேன். இடது ஒயர் நுழையும் இடத்தில், சர்க்யூட் பலகையின் மேல் காய்ந்துபோன மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. இத்தனை நாளும் பழைய பிசின் கறை என்றே தள்ளிவிட்டிருந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டதும் சந்தனம் மணத்தது.

"சார், உள்ள யாரு பொட்டு வச்சது?"

"நாந்தான். ஆயுத பூசைக்கு. மூடி மேல வச்சா அது டப்பாவுக்கு வச்ச பொட்டு டீச்சர். ஒர்க்‌ஷாப்புல நாங்க மெஷினுக்குத்தான் வைப்போம்."

"அக்கா இருக்கும்போது விட்டாங்களா?"

"எங்க விட்டா? தொட்டா கைய ஒடிப்பேன்னா. அவ இல்லாத மொத பூசை... ஆசையா வச்சேன்." என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். "அதுனாலதானா?"

பெட்டி பழசு, ஈரக்காற்று என்று எதையாவது சொல்லியிருக்கலாம். உங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டு தப்பு விடையை எப்படிச் சரியென்பது?

"ஆமாங்க. சந்தனம் ஈரத்த இழுத்துக்குது. அது வழியா மின்சாரம் கசியுது."

அவர் பெட்டியைப் பார்த்துக் குனிந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்!

"அவ இருந்திருந்தா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பா. நான் என்னமோ, அவ கோவிச்சுக்கிட்டு இதையும் கையோட கூட்டிட்டுப் போயிட்டான்னு இருந்தேன்."

துடைத்துக் காயவிட்டோம். அவரே ரெக்கார்டு போட்டார். நாகஸ்வரம் இரண்டு பக்கமும் நிறைந்து வந்தது. உடனே மகளுக்குப் போன். "பொட்டி வருதும்மா. எடம் இல்லேன்னா உங்க டிவிய நகத்து."

பக்கம் முடிந்து ஊசி எழுந்ததும், ஸ்பீக்கரில் காதை வைத்தேன். இருக்கிறது அக்கா. நாம் செய்த நாளிலிருந்தே அடியில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய ரீங்காரம். அதை ஒழிக்க நான் எத்தனை சண்டை போட்டேன்! "கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும், விடு" என்று அயர்னைப் பிடுங்கி வைத்துவிட்டீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு ஒயரை இடம் மாற்றினால் போதும். அயர்னும் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அயர்னின் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியின் மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினேன்.