பலகையில் ஒரு சொல்

அன்பு மகளே,

"மூணாவது தடவையும் போச்சு, என்னைத் தேடாதீங்க" என்ற உன் செய்தி வந்தது. நீ போனை எடுக்காததைப் பற்றி எழுதப் போவதில்லை.

பல்கலைக்கழக விதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. இயக்கவியல் தேர்வில் மூன்று முறை தவறினால் ஜெர்மனியில் எங்குமே அந்தப் படிப்பைத் தொடர முடியாதாம். எனக்கு இயந்திரம் மட்டுமே வரும், வியாபாரம் வராது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் படிப்பு உனக்கு நல்லது என்று நினைத்தேன்.

முன்கூட்டிச் சொன்னால் கெடுதல் வரும் என்று பிறந்தநாள் வாழ்த்தைக்கூட முதல் நாளே சொல்லப் பயப்படுகிற ஊர் இது. நானோ, உன் தேர்வு முடிவு வருமுன்பே பட்டறைப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் "மகளும்" என்று எழுத வைத்தேன். அதை எழுதிய பெயின்டர் டெட்லெஃப்சன் நேற்று வந்தார்.

"என்ன முதலாளி, சின்ன முதலாளியம்மா கோட்டை விட்டுட்டாங்களாமே? அந்த 'மகளும்'ங்கறத அழிச்சிடவா? பெயின்ட் இறுகறதுக்குள்ள சொன்னா சல்லிசா முடிச்சுடுவேன்."

"மழை விடட்டும்" என்றேன். எதையும் உடனே சொல்ல எனக்கு வராது.

இன்று வெயில். கீழே ஏணியைச் சாத்துகிறார். போய் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தால்தான் மகள் என்று நான் எழுதச் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் ஒரு வரி போடு.

பயந்துகொண்டே உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா