ரேடியேட்டரில் ஊற்றிய மருந்து

கணவன் ஜெனின், சர்ச்சில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அஜிஷா பேனாவை அழுத்தி எழுதிய சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

“சாளமீன் கறி அடுப்புல இருக்கு. கப்பக் கிழங்கும் அவிச்சு வச்சிருக்கேன். உங்க ரேஸ் வண்டி சூடாகாம இருக்க, கூலண்டுல என்னமோ மருந்து கலக்க ஒர்க்‌ஷாப் தன்யா வருவாளாமே. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நெத்தியில கை வைக்காத மனுசன், அவகூட நின்னு பானட்டைத் தொட்டுத் தொட்டுப் பாக்குதிய.”

மனம் ஆறவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“இஞ்சின் ஆறிக் கெடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீங்க வாங்கி வச்சிருக்க மருந்தை பாட்டில்ல போட்டிருக்க அளவுக்கு நானே ஊத்தியாச்சு. சாவியைத் தேடாண்டாம். ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓட்டி, மீட்டர்ல சூட்டு முள்ளு ஏறுதான்னு பாத்துட்டு வாறேன். தன்யா வந்தா பால் ஊத்தாத கட்டங்காப்பி கொடுத்து அனுப்புங்க. சாளக்கறி உங்களுக்கு மட்டும்தான்.”