ரோஸ் மை வைத்த கால்

வெள்ளி, இரவு

குழந்தைகளின் கால் அச்சை அட்டையில் எடுத்துக் கொடுப்பது என் தொழில்.

காலையில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குமார் என்ற ஒருவர் போன் செய்தார். "பொம்பளப் புள்ளக்கா. அட்டையில அது கால் அச்சு எடுக்கணும். இன்னைக்கே வாங்க." உடனே போனை வைத்துவிட்டார்.

ரோஸ் நிறச் சோக் மையை எடுத்துக்கொண்டேன். கறுப்பு அட்டையிலும் சுண்ணக்கட்டியால் வரைந்ததுபோல் மென்மையாகப் பதியும். ஈரத்துணியால் துடைத்தால் தோலிலிருந்து போய்விடும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், அவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். பேர் வைக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி உள்ளே போனேன்.

குமாரின் மனைவி மடியில் குழந்தை தூங்குவது போலிருந்தது. காலைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது. மைப்பெட்டி என் கையிலிருந்து விழுந்தது.

"போன்ல சொன்னா வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்க்கா," என்று குமார் அழுதார்.

அந்தப் பெண் மைப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மை குளிருமாக்கா? மெதுவா வைங்க."

வைத்தேன். ஐந்து விரலும் பதிந்தன. துடைக்கத் துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க. அப்படியே போகட்டும்."

சாயந்தரம் அந்த ரோஸ் காலோடுதான் பிள்ளையை அடக்கம் செய்தார்கள்.