எட்டு எழுத்துக்கு எட்டு ஊர்

மிலான், வியாழன்

அன்புள்ள இனோகா,

நீயும் சின்னவளும் சுகம்தானே? எனக்கு இருமல் போய்விட்டது.

நம் வீட்டுக் கூரைக்கான பணத்தை முதல் தடவையாக வங்கி வழியே அனுப்பினேன். அதில் ஒரு கூத்து. நான் புறப்பட்ட அன்று நீ சீட்டில் எழுதித் தந்தாயே, வெளிநாட்டுப் பணம் வர நம் வங்கிக்குள்ள எட்டெழுத்து ஸ்விஃப்ட் கோடு, அதை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள் கவுன்டர் பெண். இங்கே ‘எம்’முக்கு மிலான் என்பதுபோல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இத்தாலி ஊர்கள் அவசரத்துக்கு வாயில் வருமா? மாரவில, லுனுவில, கொச்சிக்கடை என்று நம் பக்கத்து ஊர்களாகவே எட்டையும் அடுக்கினேன்.

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். "எட்டு ஊருக்கும் பிரிச்சு அனுப்பணுமா? எட்டு ஊர்லயும் குடும்பமா உங்களுக்கு?"

"அதாம்மா ஆளு இப்படி எளைச்சுக் கெடக்கான்" என்றார் பின்னால் நின்ற கிழவர். வரிசையே சிரித்தது. நான் இளைக்கவில்லை, நம்பாதே.

கடைசியில் சீட்டையே வாங்கிப் பார்த்துத் தட்டினாள். பணம் செவ்வாய்க்குள் வந்துவிடும். ஆனால் சீட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக அது என் பர்ஸில் இருந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா மணியடிக்கிறார், அவருக்கு மருந்து நேரம். அந்தச் சீட்டை மறுபடி எழுதி அனுப்பு. ஃபோனில் வேண்டாம், தாளில் எழுது. எட்டு எழுத்தோடு நிறுத்திவிடாதே.

உன்
ரொஷேன்